ஒற்றை விரல் ஸ்டீயரிங்

மூடிய காரில் ஏறினால் எனக்கு வாந்தி வரும். சிறு வயதில் வந்தது, கல்யாணத்தன்று வந்தது, ஐம்பதைத் தாண்டிய பிறகும் வருகிறது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள். வளர்ந்து, வழுக்கையும் விழுந்தாயிற்று. இனி வளர்வதற்கு வயிறு மட்டுந்தான் பாக்கி. நாமே ஓட்டினால் வராது என்று சொல்லும் கட்சி ஒன்று உண்டு. அதையும் நம்பி ஓட்டிப் பார்த்தேன். ஓட்டும்போதும் வந்தது. அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கைப் பிடிப்பதா வாயைப் பொத்துவதா என்பதை எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை.

இப்படிப்பட்டவன் பைக்கிலேயே காலத்தைத் தள்ள வேண்டும். தள்ளிக்கொண்டுதான் இருந்தேன். என் தொழில் கோழிப் பண்ணைகளுக்கு மருந்தும் சத்துப் பொடியும் விற்பது. வெண்ணந்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை என்று பண்ணை பண்ணையாகச் சுற்றுவேன். வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டு, வெளியே போய்க் கோழியின் கழிச்சலைப் பற்றிப் பேசிச் சோறு தின்கிறவன். கோழி வெள்ளையாகப் போகிறதா பச்சையாகப் போகிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்வதற்குத்தான் அவ்வளவு படித்தேனா என்ற கேள்வி எனக்கும் வரும். பதிலைத் தள்ளிப்போட்டே இத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டன.

பிறகு இடது முழங்கால் போயிற்று. விபத்து என்றால் சொல்லிக்கொள்ள ஒரு கதையாவது மிஞ்சும். குளியலறையில் பாசி வழுக்கியது, அவ்வளவுதான். அறுவை முடிந்த பிறகு மருத்துவர், நடக்கலாம், ஆனால் வண்டியின் பாரத்தை அந்தக் காலில் தாங்கக் கூடாது என்றார். சிக்னலில் நிற்கும் பைக்கை வேறு எதனால் தாங்குவது என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்றிலிருந்து என் மனைவியின் தம்பி தன் காரில் என்னைப் பண்ணைகளுக்கு அழைத்துப் போக ஆரம்பித்தான். அவன் நல்லவன். எல்லாத் தொல்லையும் அதில்தான். கெட்டவனாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். காரை வாங்கிய நாளில் இருக்கைகளுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை அவன் இன்னும் கழற்றவில்லை. வெயிலில் அந்தப் பிளாஸ்டிக் ஒரு வாடை விடும். அது அவனுக்கே பிடிக்காமல், கண்ணாடிக்குக் கீழே மல்லிகை வாசனைக் குப்பி ஒன்றை வைத்தான். மல்லிகை தனியாக இருந்தால் பூ. சூடேறிய பிளாஸ்டிக்கோடு சேர்ந்தால், பிணத்தைக் குளிர்பெட்டியில் வைத்த சாவு வீடு. ராசிபுரம் தாண்டுவதற்குள் என் வாயில் எச்சில் ஊற ஆரம்பித்துவிடும்.

"முடியலீனா சொல்லுங்க மச்சான், ஓரங்கட்டறேன்" என்பான். சொல்வதற்கு வாயைத் திறந்தால் சொல் வராது, மற்றது வரும்.

பண்ணை வாசலில் காரை நிறுத்தி, நான் வேலியோரமாகப் போய்க் குனியும்போது, அவன் பண்ணைக்காரரிடம் நிதானமாக விளக்குவான்: "மச்சானுக்குக் கார் ஒத்துக்காதுங்க. சின்னதுல இருந்தே அப்புடித்தான். ஊட்டுல எல்லாத்துக்கும் தெரியும்." கோழிக்கு மருந்து சொல்ல வந்த ஆளே வேலிக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தால் மருந்தை யார் வாங்குவார்கள்? ஒரு பண்ணைக்காரர் என்னிடமே கேட்டார்: "ஏனுங்க, இந்தப் பொடிய நீங்க ஒருக்காத் தின்னு பாத்தீங்களா?" சொன்னவர் சிரிக்கவில்லை. அந்த மாதம் பாதிப் பண்ணைகள் கைநழுவின. தனியாக, காற்றில், என் இஷ்டத்துக்குப் போய் வர ஒரு வழி கிடைக்காவிட்டால் தொழிலை மூட வேண்டியதுதான் என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது.

அந்த வழி என் பங்காளி ஒருவனின் தீவனக் கிடங்கில் தூசி படிந்து கிடந்தது. அவன் ரிக் வண்டி வைத்து வடநாடெல்லாம் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவன். கையில் காசு புரண்ட ஒரு சமயத்தில் வெளிநாட்டு மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தான். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. குதிரை மேல் உட்காருவது போலக் கால்களை விரித்து உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்து ஓட்ட வேண்டும். இரண்டு கோயில் நோன்பித் திருவிழாவுக்கும் ஒரு சீர் விசேஷத்துக்கும் அதை ஓட்டிக் காட்டினான். பார்க்க வேண்டியவர்கள் பார்த்து முடித்ததும் அதன் வேலை முடிந்தது.

"நீ எடுத்துக்கண்ணா. நிக்கறப்ப காலு ஊனவே வேண்டியதில்ல. கிளட்ச்சும் கெடையாது. உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது" என்றான். முடவனுக்கு ஏற்ற வண்டி என்பதைச் சொந்தக்காரர்கள் இப்படித்தான் சொல்வார்கள்.

அகலத்தில் கார், வெயிலிலும் மழையிலும் பைக். இரண்டின் குறைகளையும் பொறுக்கியெடுத்துச் செய்தது போன்ற வண்டி. வழியில் பார்த்தவர்கள் தவக்களை வண்டி என்றார்கள். அதன் மேல் உட்கார்ந்திருப்பவனை என்ன சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் காற்று முகத்தில் அடித்தது, வயிறு வாயை மூடிக்கொண்டு கிடந்தது. எனக்கு அது போதும்.

அந்த வண்டிக்குப் பவர் ஸ்டீயரிங் இருந்தது. முன்னால் இரண்டு சக்கரங்களைத் திருப்ப வெறுங்கை போதாது என்பதால், கைப்பிடிக்குக் கீழே ஒரு மின்மோட்டார் கூடவே தள்ளிக்கொடுக்கும். மெதுவாகப் போகும்போது நிறையத் தள்ளும். வேகம் கூடக்கூடத் தன் கையை எடுத்துக்கொள்ளும். அது அவ்வளவு நாகரிகமாக வேலை செய்ததால் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஒழுங்காக வேலை செய்கிறவர்களுக்கு உலகத்தில் கிடைக்கும் மரியாதை இதுதான்.

வெண்ணந்தூருக்கு வெளியே ஒரு திருப்பத்தில் அது செத்தது. முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அதே நொடியில், யாரோ சிமெண்ட் மூட்டையைத் தூக்கிக் கைப்பிடியில் தொங்கவிட்டது போல ஆயிற்று. நான் திருப்பினேன், வண்டி திரும்பவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்த பிறகு, கூப்பிட்டதும் எழுந்து வராத மாமனாரைப் போல மெல்ல அசைந்தது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் தோள்பட்டை இரண்டும் கழன்றுவிட்டன. அன்று இரவு சோற்றைப் பிசைய விரல் மடங்கவில்லை.

மறுநாள் மறுபடியும் மல்லிகைக் குப்பி.

ஒரு வாரம் பார்த்தாள் என் மனைவி. பிறகு தீர்ப்புச் சொன்னாள்: "ஒரேயொருக்கா ரிப்பேருக்குக் குடுத்துப் பாருங்க. ஆச்சுன்னா ஆச்சு. ஆவலீனா வண்டியப் பழைய இரும்புக்குப் போட்டுப்போட்டு, தம்பி கூடயே போய்ப் பழகிக்கோங்க. வாந்தியெல்லாம் பழகப் பழகச் செரியாப் போயிரும்." வாந்தி பழகிச் சரியான ஒரு மனிதனையாவது எனக்குக் காட்டச் சொன்னேன். அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் சொன்னது சொன்னதுதான்.

அந்த வண்டியைச் செய்தவர்களின் கடை நம் பக்கத்தில் கிடையாது. பவர் ஸ்டீயரிங் என்றால் நாமக்கல்லில் லாரிப் பட்டறைதான். ஒரு பட்டறையின் பெயரை எல்லோரும் சொன்னார்கள். சுண்டு விரலால் லாரியைத் திருப்பலாம், அப்படிச் செய்து கொடுப்பார் என்றார்கள். பங்காளியின் ரிக் வண்டிக்காரர்கள் வந்து தவக்களையைச் சின்ன லாரி ஒன்றில் ஏற்றிப் போனார்கள். நான் மச்சினன் காரில் பின்தொடர்ந்தேன். பட்டறை வாசலில் இறங்கியதும் ஒரு பழைய டயருக்குப் பின்னால் போக வேண்டியிருந்தது. இப்படியாக அறிமுகம் ஆனோம்.

பட்டறைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். வயிறும் எனக்குச் சமமாக இருந்ததால் ஒரு நம்பிக்கை வந்தது. அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து, தடவி, மறுபடியும் சுற்றினார்.

"ஏனுங்க, ஆயில் டப்பா எங்கீங்க வெச்சிருக்கறாங்க?"

"இதுல ஆயில் கெடையாதுங்க. கரண்டுல ஓடற மோட்டாரு."

"பவர் ஸ்டீரிங்குனா ஆயில் இல்லாம எப்படீங்க? இருக்கும். ஒளிச்சு வெச்சிருப்பாங்க வெள்ளக்காரனுங்க."

பாதி நாள் தேடினார்கள். இல்லாத எண்ணெயைத் தேடிக் கழற்றாத மூடி இல்லை. இருக்கைக்கு அடியில் பங்காளி மறந்து வைத்த கால் தேங்காய் ஒன்று கிடைத்தது, அதன் மேல் இன்னொரு உயிரினம் வளர்ந்திருந்தது. என்னை உட்காரச் சொன்ன முக்காலியில் கிரீஸ். குடிக்கக் கொடுத்த டீயிலும் மேலாக ஒரு வானவில் மிதந்தது. நின்றவர், போனவர் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பக்கத்து டிங்கர் கடைக்காரர் வந்து, மூன்றாவது சக்கரத்தைப் பின்னாலிருந்து எடுத்து முன்னாலேயே வைத்தால் சரியாகிவிடும் என்றார். மூன்றும் முன்னால் இருந்தால் நான் எங்கே உட்காருவது என்று கேட்டதற்கு, அது உங்க பாடு என்றார்.

கடைசியில் மோட்டார் கருகிப்போனது என்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த மோட்டார் இந்த ஊரில் கிடைக்காது. உடைப்புக்கு வந்த சின்னக் கார் ஒன்றின் ஸ்டீயரிங் மோட்டாரைக் கழற்றி வந்து, வெட்டி, பற்றவைத்து, பொருத்தினார் பட்டறைக்காரர். எவ்வளவு தள்ள வேண்டும் என்று அதற்குச் சொல்ல, பழைய வானொலிப் பெட்டியில் இருப்பது போல ஒரு குமிழ். வலது பக்கம் திருப்பினால் மோட்டார் நிறையத் தள்ளும்; இடது பக்கம் திருப்பினால் குறைத்துத் தள்ளும். வண்டி நிற்கிறதா பறக்கிறதா என்று இந்த மோட்டாருக்குத் தெரியாது. குமிழ் சொன்னபடி எப்போதும் ஒரே தள்ளு. இதெல்லாம் எனக்குப் பிறகு புரிந்தவை. அன்று நான் அந்த டீயைக் கீழே ஊற்ற யாரும் பார்க்காத நேரத்துக்குக் காத்திருந்தேன்.

வேலை முடிந்ததும் பரீட்சை. இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் அது ஒரு சடங்கு. ஸ்டீயரிங் வேலை முடிந்த லாரியைச் சும்மா வெளியே விடமாட்டார்கள். கைவேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் வந்து நிற்பார்கள். பட்டறைக்காரர் ஏறி, நிற்கும் லாரியில், சுண்டு விரல் ஒன்றை மட்டும் கொடுத்து ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுற்றுவார். பிறகு லாரிக்கு உடையவரும் அப்படியே சுற்றிக் காட்ட வேண்டும். சுற்றினால் எல்லோருக்கும் டீ. ஒரு பட்டறையின் பெயர் ஏறுவதும் இறங்குவதும் அந்த விரலில்தான்.

என் வண்டியில் வட்டமான ஸ்டீயரிங் இல்லை. அதனால் என்ன, அவர் குமிழை வலக்கோடிக்குத் திருப்பி, கைப்பிடியின் நுனியைச் சுண்டு விரலால் தொட்டார். தொட்டதும் முன் சக்கரங்கள் இரண்டும் திரும்பி நின்றன. "ஊதுனா ஒடியுதுங்க" என்றார் ஒருவர். ஸ்டீயரிங் திரும்புவதை இங்கே ஒடிவது என்பார்கள். நானும் தொட்டேன், திரும்பியது. பட்டறைக்காரர் ஒரு கட்டிப் பசையைப் பிசைந்து குமிழின் மேல் வைத்து அப்பினார். "இனி ஒருத்தனும் கை வெச்சு நோண்ட முடியாதுங்க" என்றார். பசை காய்ந்து கல்லாயிற்று. இன்னொரு வானவில் டீ வந்தது.

நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது.

லாரி ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். ஸ்டீயரிங் அவர் முன்னால் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் நாம் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருக்கிறோம். காற்று தள்ளும்போது அதைப் பிடித்துத்தான் தாங்குகிறோம், குழியில் குலுங்கும்போதும் அதுதான் துணை. தோளை உதறினாலும், முதுகைச் சொறிய ஒரு கையை எடுத்தாலும், அத்தனையும் கைப்பிடிக்குப் போகிறது. இந்த மோட்டாருக்கோ எது உத்தரவு, எது அரிப்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. நான் இருமினேன், வண்டி இடது பக்கம் போனது. திடுக்கிட்டுப் பிடித்தேன், வலது பக்கம் போனது. அதைத் திருத்தினேன், முன்னைவிட அதிகமாக இடது பக்கம் போனது. சக்கரம் தரையில் இருக்கிறதா, மணலில் இருக்கிறதா, அந்தரத்தில் இருக்கிறதா, கைக்கு ஒரு தகவலும் வரவில்லை. எதைச் சொன்னாலும் ஆமாம் ஆமாம் என்று முந்திக்கொண்டு தலையாட்டும் ஆளோடு பேசுவது போல இருந்தது. அப்படிப்பட்டவர்களை நம்பித்தான் நாட்டில் நிறையப் பேர் பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள்.

நெடுஞ்சாலையை விட்டு நாமகிரிப்பேட்டைச் சாலைக்கு மாறினேன். அங்கே போக்குவரத்துக் குறைவு, மெதுவாகப் போகலாம் என்று கணக்கு. சாலையோரத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை ஒன்று. மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவை எடுத்த பிறகு மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அதைச் சாலைக்குப் பக்கத்துக் களத்தில் ஈரத்தோடு பரப்பிக் காயவைப்பார்கள். அதன் நாற்றத்தை அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் அறிவார்கள். புளித்துப்போன மாவுக்குள் எலி ஒன்று செத்து, அதன்மேல் மோரை ஊற்றி மூடி வைத்தால் எப்படியோ, அப்படி. அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. எனக்குத் தும்மல் வந்தது.

ஒரேயொரு தும்மல்தான். வண்டி அதை உத்தரவாக எடுத்துக்கொண்டது.

சாலையை விட்டு இறங்கி, களத்தின் கல் வரப்பில் ஏறி, ஈரத் திப்பிக்குள் பாதி முழுகி நின்றது தவக்களை. நான் அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தேன். மெத்தென்றிருந்ததால் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை ஆறுதலாகச் சொல்கிறார்கள். மாவில் முக்கிய வாழைக்காயாக, எண்ணெய்ச் சட்டிக்குக் காத்திருக்கும் நிலையில் நான் எழுந்து உட்கார்ந்தேன். காதுக்குள், மூக்குக்குள், சட்டைக்குள், முழங்கால் பட்டைக்குள் எல்லாம் திப்பி. வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் இன்னும் மறக்க முடியவில்லை. அது வெதுவெதுப்பாக இருந்தது.

களத்தில் திப்பியைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் பலகையை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள்.

"ஏனக்கா, இது என்ன வண்டி? தவக்களையாட்டம் இருக்குது."

"அதாம்புள்ள, ஈரத்தக் கண்டதும் எறங்கிருச்சு."

"எந்திரிங்க சாமி" என்றாள் மூத்தவள். "வாயத் தொறக்காதீங்க, உள்ளார போயிரும்."

"கையக் குடுத்துத் தூக்கட்டுமாக்கா?"

"கைய வெக்காத. நாம பொழுதுக்கும் இதுல நிக்கறோம், நமக்குப் பழக்கம். இவரு மேல பட்டது என்னமோ வேற நாத்தம் நாறுது."

அவள் சொன்னதில் பொய் இல்லை. காலையிலிருந்து ஊறிய கிரீஸும், மருந்துப் பையில் உடைந்த கோழி மருந்தும் திப்பியோடு கலந்துவிட்டன. தன் நாற்றத்துக்குத் தானே மூக்கைப் பொத்திக்கொள்ளும் நிலைக்கு ஒரு மனிதன் வந்தால், படித்த புத்தகம் ஒன்றும் உதவிக்கு வருவதில்லை.

மச்சினனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. வந்தவன் கதவைத் திறக்கவே யோசித்தான். இருந்தாலும் நல்லவன், பின் இருக்கையில் சாக்கு விரித்து ஏற்றிக்கொண்டான். கண்ணாடியை ஏற்றி, மல்லிகைக் குப்பியின் மூடியைத் திருகி முழுதாகத் திறந்துவிட்டான். ராசிபுரம் வருவதற்குள் காரை ஓரங்கட்டி, இறங்கி ஓடிப் புளியமரத்தடியில் குனிந்தான். எனக்கு அன்று வரவில்லை. என் நாற்றத்துக்கு முன்னால் அவன் மல்லிகை எம்மாத்திரம். திரும்பி வந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்புடித்தான் இருக்குமுங்களா மச்சான்?" என்றான். "தெனமும்" என்றேன்.

வீட்டில் பின்வாசல் வழியாகத்தான் அனுமதி. நான் குளித்துவிட்டு வந்தேன். போய் மறுபடியும் குளிக்கச் சொன்னாள் மனைவி. பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் நின்றே கேட்டாள்: "பழைய இரும்புக்காரன வரச் சொல்லட்டுமா?" நாளைக்குச் சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். சாயங்காலம்வரைதான் என்றாள்.

மறுநாள் காலையில், பங்காளியின் ஆட்கள் மறுபடியும் சின்ன லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய, திப்பி காய்ந்து ஒட்டிய தவக்களையோடு பட்டறையில் நின்றேன். பட்டறைக்காரர் மூக்கைத் தோள் துண்டால் மூடிக்கொண்டு வந்தார்.

"ஸ்டீரிங் ரொம்ப லேசா இருக்குதுங்க" என்றேன்.

"ஆமாங்க" என்றார் பெருமையாக.

"கொஞ்சம் கனமா வெச்சுக் குடுங்க."

அவர் துண்டை எடுத்தார். "என்னதுங்க?"

"கனமா."

உள்ளே சுத்தியல் சத்தம் நின்றது. நான் நெடுஞ்சாலையையும் இருமலையும் தும்மலையும் சொன்னேன். கைப்பிடியில் தொங்குவதற்கும் ஸ்டீயரிங் முன்னால் உட்காருவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினேன். நிற்கும் வண்டியில் விரல் வைத்துப் பார்த்தது ஓடும் வண்டிக்கு ஆகாது என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நீங்க அமுத்திப் புடிக்காம ஓட்டுங்க" என்றார்.

"புடிக்காட்டி உழுந்துருவனுங்க."

"பாருங்க, நான் சொல்றனேன்னு தப்பா நெனைக்காதீங்க. இத்தன வருசத்துல லேசா வெச்சுக் குடுன்னுதான் வந்திருக்கறாங்க. கனமா வெச்சுக் குடுன்னு ஒரு மனுசங்கூடக் கேட்டதில்ல. எம்பேரு போயிருமுங்க."

"உங்க பேரு எப்படிப் போவும்?"

"நாளைக்கு எவனாச்சும் உங்க வண்டில கை வெச்சுப் பாப்பான். எங்க செஞ்சீங்கம்பான். நீங்க எம்பட்டறையச் சொல்லுவீங்க. இவ்வளவுதானா இவன் லட்சணம்னு அவம்போயி டீக்கடைல சொல்லுவான். அடுத்த லாரி எம்பட்டறைக்கு வருமா?"

"நாஞ்சொல்ல மாட்டனுங்க."

"கேட்டா?"

"மறந்து போச்சும்பேன்."

"அது ஆவாதுங்க. மறந்து போச்சுன்னா இன்னும் நோண்டுவான்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "சேலத்துல செஞ்சதுன்னு சொல்லுங்க. செவ்வாப்பேட்டைல."

"செவ்வாய்ப்பேட்டைல மளிகக் கடையும் துணிக் கடையுந்தானுங்க இருக்குது?"

"அதனாலதான் சொல்றேன். தேடிப் போனாலும் ஆளு சிக்காது."

சம்மதித்தேன். உளியால் பசையைக் கொத்தி எடுத்தார். குமிழைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பினார். நான் பட்டறைக்குப் பின்னால் போகும் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, இன்னும் என்றேன். திருப்பினார். மறுபடியும் போய்விட்டு வந்து, இன்னும் என்றேன். மடியில் உட்காரவைத்த பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் முகத்தைத் திருப்பிக்கொள்வது போல அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே திருப்பினார். கடைசித் தடவை வேகமாகப் போய், வேண்டுமென்றே இருமினேன். வண்டி நேராகப் போயிற்று. இன்னொரு முறை நன்றாக நெஞ்சிலிருந்து இருமினேன். அப்போதும் நேராகவே போயிற்று. எதிரே வந்த சைக்கிள்காரர் எனக்குக் காசநோய் என்று நினைத்து முகத்தை மூடிக்கொண்டார்.

இந்தத் தடவை விரல் பரீட்சை கிடையாது, டீயும் கிடையாது. அந்த வகையில் எனக்கு லாபம். "எங்க போர்டு பக்கமா நிக்காதீங்க, வெசயாக் கெளம்பிருங்க" என்றார். குமிழின் மேல் பசை வைக்கவில்லை. தன் கையெழுத்து அதில் இருக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

நேராக நாமகிரிப்பேட்டைக்கு விட்டேன். பழைய மோட்டார் கொடுத்த சுகம் இது இல்லை. சந்தில் திருப்பும்போது தோள் வலிக்கிறது. பண்ணை வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்குள் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஓட்டத்தில், கைப்பிடியைத் தள்ளினால் அது கொஞ்சம் எதிர்த்துத் தள்ளுகிறது. மணல் என்றால் மணல், தார் என்றால் தார், கை உடனே அறிகிறது. நான் நினைத்துத் திருப்பினால்தான் திரும்புகிறது. என் உடம்பு தன் பாட்டுக்குச் செய்யும் அசிங்கங்களை அது கண்டுகொள்வதில்லை. இதற்கு மேல் ஒரு வண்டியிடம் என்ன எதிர்பார்ப்பது.

சேகோ ஆலையைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன். பண்ணையில், பொடியைத் தின்று பார்த்தீர்களா என்று முன்பு கேட்ட அதே பண்ணைக்காரர் இருந்தார். நான் வேலிப்பக்கம் போகாமல் நேராக வந்து வணக்கம் சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வண்டியைச் சுற்றி வந்து கைப்பிடியில் சுண்டு விரலை வைத்தார். அசையவில்லை.

"ஏனுங்க இவ்வளவு கனமா இருக்குது? எவஞ்செஞ்சான் இத?"

"சேலத்துலீங்க. செவ்வாய்ப்பேட்டைல."

"அதான பாத்தேன். சேலத்துக்காரனுக்கு என்ன தெரியும்? நம்ம நாமக்கல்லுலயே குடுத்திருக்கலாமுங்க" என்று சொல்லி, என்னை அன்று காலையில் வாசலிலிருந்து விரட்டியவரின் பட்டறைக்கே வழி சொன்னார். "அவரு கையில குடுத்துப் பாருங்க. ஊதுனா ஒடியும்."

விசாரிக்கிறேன் என்றேன். பிறகு கோழி எப்படிப் போகிறது என்று கேட்டேன். பச்சையாகப் போகிறதாம். எந்த அளவுக்கு என்று கை கழுவாமலே விரலால் காட்டி விளக்கினார். அந்தக் கையாலேயே எனக்கு ஒரு டம்ளர் மோரும் கொடுத்தார். குடித்தேன். பொடிக்கும் மருந்துக்கும் சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் வரச் சொன்னார்.

திரும்பும்போது மனைவி தொலைபேசியில் கூப்பிட்டாள். ஓரமாக நிறுத்தி எடுத்தேன். தம்பியை நாளைக்கு வரச் சொல்லவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பழைய இரும்புக்காரனை? அவனும் வேண்டாம். சரி, வரும்போது தயிர் வாங்கி வாருங்கள் என்றாள்.

ராசிபுரத்துக்கு முன்னால், கோழி எரு ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. தார்ப்பாய் சரியாகக் கட்டவில்லை. பொடிப்பொடியாக எரு பறந்து என் மூக்குக் கண்ணாடியில் ஒட்டியது, பல்லிலும் ஒட்டியது. ஒதுங்கி முந்த இடம் பார்த்து, கைப்பிடியை அழுத்தித் தள்ளினேன். தள்ளிய அளவுக்கு நகர்ந்து, அதற்கு மேல் போகாமல், லாரியைத் தாண்டிப் போயிற்று வண்டி. தாண்டினால் அங்கே இன்னொரு எரு லாரி.

வீடுவரை குமட்டிக்கொண்டேதான் வந்தேன். ஆனால் இந்தக் குமட்டல் அந்தச் சாலையில் போன எல்லோருக்கும் பொதுவானது. அதற்கு யாரும் என்னை ஏற்றிக்கொண்டு வர வேண்டியதில்லை.